வினோத்தை இறக்காத ஆட்டம்

செழியா,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினாய். நண்பர்களோடு சேர்ந்து ஒரு வாலிபால் அணியில் பங்கு வாங்கப் போவதாகவும், அடுத்த வாரம் கையெழுத்து என்றும் சொன்னாய். உன் அப்பா "ஒன் இஷ்டம்பா, நல்லா யோசிச்சுக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உனக்குக் கோபம். "அவரே ஒரு டீம் வச்சிருக்காரு, எனக்கு ரெண்டு வார்த்த சொல்லக்கூடாதாம்மா?" என்றாய். சொல்லக்கூடாது என்றெல்லாம் இல்லை, சாமி. அவருக்குச் சொல்ல வராது. அதனால் நான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நடுவில் நீ பேசிவிடுவாய், நானும் அழுதுவிடுவேன். எழுதினால் முழுதாகச் சொல்லி முடிக்கலாம்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு படம் உன் போனுக்கு வந்ததே, நினைவிருக்கிறதா? வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உன் அப்பா ஆட்டக்காரர்களின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மடியில் ஒரு ஜோடி ஷூ இருக்கும். அதற்குக் கீழே யார் யாரோ என்னென்னவோ எழுதியிருந்தார்கள். "பெங்களூர் ஆபீஸ் வரைக்கும் வந்துருச்சும்மா, பாத்துட்டு சிரிக்கிறாங்க, ஏம்மா இப்படிப் பண்ணாரு?" என்று நீ கேட்டாய். ஒன்றுமில்லை, விடு என்று அன்று சொன்னேன். அந்தப் படத்துக்குப் பின்னால் நடந்ததைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் நீ அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பா அணி வாங்கிய சமயத்தில் நீ காலேஜில் இருந்தாய். சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரியில் டிரைவராக இருந்து, சொந்த லாரி வாங்கி, பிறகு அரியலூரில் பத்துப் பேருக்குத் தெரிந்த லாரி முதலாளி ஆனவர் அவர். கபடி லீக் ஆரம்பித்தபோது நம் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஓர் அணிக்கு முதலாளி தேடினார்கள். பெரம்பலூரில் கோழித்தீவன மில் வைத்திருக்கும் தனசேகர் மாமாதான் இவரை இழுத்தார். "அண்ணே, சினிமாக்காரன், ரியல் எஸ்டேட்காரன்லாம் டீம் எடுக்குறான். நம்ம மண்ணுக்கு நாம எடுக்காம யாரு எடுக்குறது?" என்றார். அப்பா ஒரு நாள் கூட கபடி ஆடியவர் இல்லை. ஆனால் லோடுக்குக் காத்திருக்கும் நாட்களில் எந்த ஊரில் கபடி போட்டி நடந்தாலும் லாரியை ஓரம் கட்டிவிட்டுப் போய் நிற்பவர். திருமழபாடியில், கொள்ளிடக்கரையில் நடந்த ஒரு போட்டியில்தான் வினோத்தை முதலில் பார்த்தார். குன்னம் பக்கத்துப் பையன். ஒல்லியாக இருப்பான். ரெய்டராக எதிரணிப் பக்கம் பாடிப் போனால் ஐந்து பேர் சுற்றி நின்றாலும் எப்படியோ நழுவி வந்துவிடுவான். ஆட்டக்காரர்களை எடுக்கும் ஏலத்தில் அவனை யாருக்கும் தெரியாது. தனசேகர் மாமா வேண்டாம் என்று காலைத் தட்டியும் அப்பா கையைத் தூக்கினார். முதல் வருடமே அணி என்றால் அவன் பெயர்தான் என்றானது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவன் படம் போட்ட பேனர் வைத்தார்கள்.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், உன்னிடம் நாங்கள் அதிகம் பேசாத விஷயம் அது. உன் அப்பாவைப் பெற்றவர்கள் குன்னம் பக்கத்துக் காடுகளில் பருத்தி எடுக்கவும் களை வெட்டவும் கூலிக்குப் போனவர்கள். வினோத்தின் குடும்பத்துக்கு அங்கே சொந்தக் காடு உண்டு. பெரிய நிலம் இல்லை, மக்காச்சோளமும் பருத்தியும் மழையை நம்பிப் போடுகிறவர்கள்தான். ஆனாலும் யார் காட்டில் யார் வேலை செய்தார்கள் என்பதை அந்தப் பக்கத்தில் யாரும் மறப்பதில்லை. அணி ஜெயித்துக்கொண்டிருந்த வரைக்கும் அது யார் வாயிலும் வரவில்லை. வினோத்தின் அப்பா ராமசாமி நம் வீட்டுக்கு வந்தால் சிரித்த முகமாகக் காபி குடித்துவிட்டுத்தான் போவார்.

இரண்டாம் வருடம், அரையிறுதிக்கு முந்தின ஆட்டம் திருச்சியில் நடந்தது. நானும் போயிருந்தேன். ஆட்டம் முடியப் போகும் சமயத்தில் வினோத்தை மூன்று பேர் சேர்ந்து அமுக்கினார்கள். ஒருவன் முழங்கால் அவன் காதுக்கு மேல் பட்டது. அவன் எழுந்தான், தலையை உதறினான், கையைத் தூக்கிக் காட்டினான். கூட்டம் கத்தியது. நாம் ஜெயித்தோம். மற்றவர்கள் பஸ்ஸில் ஏற, அப்பா அவனை மட்டும் நம் காரில் வரச் சொன்னார். அப்பா ஓட்டினார், அவன் முன்சீட்டில் உட்கார்ந்தான், நான் பின்னால். சமயபுரம் டோல்கேட் தாண்டியதும், "சார், நாம ஜெயிச்சமா?" என்று கேட்டான். விளையாடுகிறான் என்று நினைத்து நான் சிரித்தேன். "ஜெயிச்சோம்டா தம்பி" என்றார் அப்பா. பாடாலூர் வந்தபோது என் பக்கமும் திரும்பிப் பார்த்து மறுபடி, "சார், மேட்ச் என்னாச்சு, ஜெயிச்சமா?" அதே முகம், அதே குரல். நான் சிரிக்கவில்லை. அப்பா ஜெயித்ததைச் சொல்லிவிட்டு, "இன்னிக்கு யாரு கூட ஆடுனோம், சொல்லு பாப்பம்" என்றார். அவன் போன மாதம் ஆடிய ஓர் அணியின் பெயரைச் சொன்னான். பெரம்பலூர் விளக்குகள் தெரிய ஆரம்பித்தபோது மூன்றாவது தடவையும் கேட்டான்.  அப்பா அவனை வீட்டில் விடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

ஸ்கேன் எடுத்தார்கள். அந்த டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "படத்துல ஒன்னும் இல்லைங்க" என்றார். எங்களுக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. "படத்துல தெரியாதுங்க. மூளை குலுங்கிருக்கு. அதான் கேட்டதையே கேக்குறாரு. ரெண்டு மூணு வாரம் தலையில எதுவும் படக்கூடாது. இது ஆறாம இன்னொரு அடி பட்டா என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது. ஒன்னும் ஆகாமலும் போகலாம். பொழைக்காமலும் போகலாம்" என்றார். அரையிறுதிக்கு இருந்தது ஒரு வாரம் கூட இல்லை. அதுவும் பெரம்பலூரில், நம் அணியின் சொந்த மைதானத்தில். இந்திய அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் அதைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்திருந்தது. வினோத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் பையன் சரியாகிவிட்டான். அதுதான் பெரிய சங்கடமே. ஓடினான், சாப்பிட்டான், எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டான். காரில் கேட்டது எதுவும் அவனுக்கு நினைவில்லை. "நான் அப்படில்லாம் கேக்கல சார், சும்மா சொல்றீங்க" என்றான். தனசேகர் மாமா அவனை வேறொரு டாக்டரிடம் கூட்டிப் போனார். அந்த டாக்டர் தட்டிப் பார்த்து, ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, "நல்லாத்தான் இருக்காரு, தாராளமா ஆடலாம்" என்றாராம். இப்போது இரண்டு டாக்டர், இரண்டு வார்த்தை. மாமா வீட்டுக்கு வந்து சோபாவில் உட்காராமலே பேசினார்.

"ஆடலாம்னு ஒரு டாக்டரே சொல்லியாச்சு. இன்னும் என்னண்ணே?"

"ஒங்க டாக்டரு கார்ல இல்ல தனசேகரு. நான் இருந்தேன்."

"டயர்டுல ஏதோ ஒளறிருப்பான். அதுக்காக டீமையே பலி குடுக்கறதா? இந்த டீம்ல எனக்கும் பாதி இருக்கு."

"பாதி ஒனக்குதான். அவன் தலையில ஒனக்குப் பாதி இல்ல, எனக்கும் இல்ல."

மாமா என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்களாவது சொல்லுங்க. ஊரு சும்மா இருக்காது." அது எனக்கும் தெரியும். நம் லாரிகள் எல்லாம் குன்னம் பக்கத்து ஊர்கள் வழியாகத்தான் போகின்றன. இவ்வளவு பேர் நன்றாக இருக்கிறான் என்கிறபோது நாம் மட்டும் ஏன் பிடிவாதம் பிடிக்க வேண்டும் என்றும் எனக்குள் ஓடியது. ஆனால் பாடாலூரில் திரும்பிப் பார்த்த அந்த முகமும் கூடவே வந்தது. மாமாவுக்குக் காபி போட உள்ளே போனேன்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் ராமசாமி இரண்டு சொந்தக்காரர்களோடு அரியலூருக்கு வந்தார். வினோத்தும் வந்திருந்தான். ராமசாமி முதலில் கெஞ்சினார். நானும் ஒரு பிள்ளையைப் பெற்றவள், அவர் கெஞ்சலில் பொய் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. "மழ இல்லாம ரெண்டு வருசமா காடு காஞ்சு கெடக்கு. இவன் ஒருத்தன்தான் தலையெடுத்து வரான். நாளைக்கு ஒருநா ஆடிட்டான்னா ரயில்வேலயோ போலீஸ்லயோ கூப்புட்டு வேல குடுப்பாங்க. அத மறிக்கலாமாங்க?" என்றார். அப்பா தலையைக் குனிந்தபடி, "அடுத்த வருசம் ஆடட்டுங்க" என்றார். "அடுத்த வருசம் யாரு கண்டா?" என்றார் ராமசாமி. என்னைப் பார்த்தார். "டீச்சர், நீங்க கார்ல இருந்தீங்கல்ல. நெசமாவே எம்புள்ள அப்படிக் கேட்டானா?" மூன்று தடவை கேட்டான் என்று நான் சொன்னேன். அவர் முகம் மாறியது. "புருசனும் பொண்டாட்டியும் பேசி வச்சிக்கிட்டு சொல்றீங்க" என்று எழுந்தார். வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி நின்று அந்த வார்த்தையைச் சொன்னார். "எங்க காட்டுல களை வெட்டுன குடும்பம், இன்னிக்கு எம்புள்ளைய உக்கார வைக்குது. நேரந்தான்."

வினோத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். உன் அப்பா கோபப்படுவார் என்று பயந்தேன். அவர், "தம்பி, ராத்திரி நல்லா தூங்கு. தல வலிச்சா ஒடனே போன் பண்ணு" என்று அந்தப் பையனிடம் மட்டும் சொன்னார். அவர்கள் போன பிறகு அன்று முழுக்க அவர் ஒரு வாய் சாப்பிடவில்லை.

ஆட்டத்தன்று மைதானத்தில் நிற்க இடமில்லை. அதற்குள் ஊரில் இரண்டு பேச்சு பரவியிருந்தது. எதிரணியிடம் உன் அப்பா காசுக்குக் கை நீட்டிவிட்டார் என்பது ஒன்று. தன் ஆளுங்க பையனை முன்னுக்குக் கொண்டுவர வினோத்தை ஒதுக்குகிறார் என்பது இன்னொன்று. வினோத்துக்குப் பதிலாக இறங்கிய மணி நம்ம சாதிப் பையன் என்பதுகூட அன்றைக்குத்தான் பலருக்கு நினைவு வந்தது போலிருக்கிறது. வினோத் டிராக் சூட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு முறை நம் ரெய்டர் வெளியேறும்போதும் "வினோத்! வினோத்!" என்று மைதானமே கத்தியது. நான் முதல் வரிசையில் அப்பா பக்கத்தில் இருந்தேன். என் பின்னால் இருந்தவர்கள் பேசியதை உனக்கு எழுத முடியாது.

இடைவேளையில் தனசேகர் மாமா எழுந்து போய் கோச்சின் காதில் ஏதோ சொன்னார். வினோத் டிராக் சூட்டைக் கழற்றத் தொடங்கினான். கூட்டம் எழுந்து நின்று விசிலடித்தது. கோச் எங்கள் பக்கம் பார்த்தார், அவர் கண்ணில் பயம் இருந்தது. உன் அப்பா எழுந்து ஆடுகளத்தைச் சுற்றி நடந்து போனார். அவ்வளவு பேர் முன்னால், டிவி கேமரா முன்னால் நடந்து போனார். பெஞ்சுக்கு முன்னால் வினோத்தின் ஷூ இருந்தது. குனிந்து அதை எடுத்தார். அவன் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பையன், "சார், குடுங்க சார். ப்ளீஸ் சார். ஒரு ரெய்டு, ஒரே ரெய்டு" என்று அழுதான். அப்பா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கோச்சிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "நடத்துங்க." இரண்டாம் பாதி முழுவதும் அப்படியே இருந்தார். அந்தப் படம்தான் நீ பார்த்தது.

ஒரு பாயிண்ட்டில் தோற்றோம். கடைசி ரெய்டுக்குப் போன மணியை நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் பிடித்துவிட்டார்கள். அவன் கை கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.  முதலில் தண்ணீர் பாட்டில்கள் பறந்து வந்தன, பிறகு நாற்காலிகள். போலீஸ்காரர் ஒருவர் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் காரில் உட்கார வைத்தார். அப்பா வரவில்லை. பையன்களின் பஸ் கிளம்பினால்தான் நான் வருவேன் என்று சொல்லிவிட்டாராம். காரைச் சுற்றி ஆட்கள் நின்று பானெட்டில் அடித்தார்கள். எனக்குத் தெரிந்த முகங்கள் அவை. அதில் ஒருவன் என்னிடம் ஏழாம் வகுப்புப் படித்தவன். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டான். மணியை இரண்டு போலீஸ்காரர்கள் நடுவில் வைத்து பஸ்ஸில் ஏற்றினார்கள். பஸ் கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் அப்பா வந்தார். சட்டைக் கை கிழிந்திருந்தது. நெற்றியில் ரத்தம் கோடாக இறங்கியிருந்தது. ஏறி உட்கார்ந்ததும் என்னிடம் கேட்டார், "அந்தப் புள்ளைய அவங்கப்பன் கூட்டிட்டுப் போயிட்டாரா?" போய்விட்டார் என்றேன். "சரி, வண்டிய எடு" என்று டிரைவரிடம் சொன்னார்.

அடுத்து நடந்ததில் கொஞ்சம் உனக்குத் தெரியும். தனசேகர் மாமா பங்கைப் பிரித்துக்கொண்டு போனார். குன்னம் வழியாக நம் லாரிகள் பல மாதங்கள் போக முடியவில்லை, டிரைவர்கள் சுற்றுவழியில் ஓட்டினார்கள். மணி கபடியை விட்டுவிட்டு கங்கைகொண்ட சோழபுரத்தில் அவன் மாமாவின் முந்திரித் தோப்புக்கு வேலைக்குப் போனான். அப்பா இரண்டு முறை போய்க் கூப்பிட்டார், அவன் வரவில்லை. அந்த வருடம் இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு வேறொரு ரெய்டரை எடுத்தார்கள். வினோத் அடுத்த ஏலத்தில் மதுரைப் பக்கத்து அணிக்குப் போனான். நன்றாக ஆடுகிறான், தலைக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்த முகாம் அவனுக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆள் எடுக்கிறவர்கள் இப்போது அவனைவிட வயது குறைந்தவர்களைப் பார்க்கிறார்களாம்.

உன் அப்பா செய்தது சரி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே. எனக்குத் தெரியாது, செழியா. அன்று வினோத் ஆடியிருந்தால் ஒன்றும் ஆகாமல் ஜெயித்திருக்கலாம், இன்று இந்தியாவுக்கு ஆடிக்கொண்டிருக்கலாம். நடக்காமல் போன ஒன்றை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? அடிபட்டுச் செத்திருந்தால் ஊரே அப்பாவைத் திட்டியிருக்கும். உயிரோடு இருப்பதால் அதே ஊர் அவர் ஒரு பையனின் வாழ்க்கையைக் கெடுத்தார் என்கிறது. போன வருடம் ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "நான்தான் அவசரப்பட்டுட்டனோ?" என்றார். நான் அந்த டாக்டரம்மா சொன்னதை நினைவுபடுத்தினேன். "அவங்களுக்கே தெரியலன்னுதானே சொன்னாங்க" என்றார். 

நீ போனில், விளையாட்டுதான் இனி பெரிய தொழில், டிவி உரிமை, ஜெர்சி விற்பனை என்று நிறையச் சொன்னாய். அதெல்லாம் எனக்குப் புரியாது, சரியாகத்தான் இருக்கும். லாரிக்கு அச்சு முறிந்தால் வேறு அச்சு மாட்டலாம். நீ வாங்கப்போவது பையன்களின் முழங்காலையும் தோளையும் நம்பி நடக்கிற தொழில். உன் நண்பர்களிடம் ஒன்று கேட்டுப் பார். ஆட்டக்காரனே ஆடுகிறேன் என்று கெஞ்சும்போது, ஊரே கத்தும்போது, வேண்டாம் என்று சொல்ல வேண்டியது உங்களில் யார்? அதை முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். டாக்டர் வேண்டாம் என்றால் முதலாளியால் அதை மாற்ற முடியாது என்று எழுதுங்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை என்றால் அந்த ஆள் நீதான் என்று வைத்துக்கொள். அதற்கு உன்னால் முடியும் என்றால் தாராளமாக வாங்கு. முடியாது என்றாலும் வெட்கம் ஒன்றுமில்லை, வேறு தொழில் செய்யலாம்.

அப்பா ஏன் அணியை விற்கவில்லை என்று நீ கேட்பாய். நானும் கேட்டேன். "வித்தா, வாங்குறவன் எப்படிப்பட்டவனோ" என்றார். இப்போது நம் அணி கடைசி இடத்தில் இருக்கிறது. அது ஆடும்போது அவர் சாய்ந்து உட்கார்ந்து பேசாமல் பார்ப்பார். வினோத்தின் அணி ஆடும் நாளில் மட்டும் வேறு மாதிரி. அவன் நடுக்கோட்டைத் தாண்டிப் பாடிப் போனதும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். டிவிக்கு முன்னால் கையை இறுக்கிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். அவன் இந்தப் பக்கம் திரும்பி வந்து கோட்டைத் தொட்ட பிறகுதான் மூச்சு விட்டு உட்காருவார். ஓர் ஆட்டத்தில் எத்தனை முறை அவன் போகிறானோ அத்தனை முறையும் இப்படித்தான். நான் பக்கத்தில் இருப்பதே அப்போது அவருக்குத் தெரியாது.

புதன்கிழமை சாயங்காலம் வினோத்துக்கு ஆட்டம் இருக்கிறது. பெங்களூரிலிருந்து ஒருநாள் லீவு போட்டுவிட்டு வா. அவரிடம் எதுவும் கேட்காதே. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார். ஆட்டத்தைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, அவரைப் பார். அப்புறம் போய்க் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்.

அம்மா